மாஸ்டர் அலவன்ஸ்

எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் எட்டரை மணி ஷிஃப்டுக்கு ஏழரைக்கே வந்து கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தால் பத்து நிமிடம்தான். "எதுக்குங்க மாஸ்டர் இத்தனை வெள்ளன?" என்று வாட்ச்மேன் கேட்டால், "வழியில எதாச்சும் ஆச்சுன்னா என்னங்க பண்றது" என்பார். நான் அங்கே வேலை பார்த்த மூன்று வருடத்தில் வழியில் ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை செருப்பு அறுந்தது. அதை நின்று தைத்துப் போட்டுக்கொண்டு வந்தும் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து சேர்ந்தார்.

இது நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். வேலம்பாளையத்தில் டீ-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்துவிட்டு வந்து அங்கே லேபில் சேர்ந்திருந்தேன். லேப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், அப்புறம் நான். பனியன் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. புதுத் துணியில் ஐம்பது சென்டிமீட்டருக்குக் கட்டம் போட்டு, துவைத்து, காயவைத்து, மறுபடி அளப்பேன். ஐம்பது நாற்பத்தேழரை ஆகியிருந்தால் ஐந்து சதவீதம். அதை ஒரு சீட்டில் எழுதி மாஸ்டர் கையில் கொடுப்பேன். அவர் அந்த ஐந்து சதவீதத்தைக் கூட வைத்து நீளமாக வெட்டுவார். வாங்கியவன் வீட்டில் துவைத்த பிறகு சட்டை அவன் உடம்புக்குச் சரியாக வந்து நிற்கும். அந்தக் கூடுதலுக்குத்தான் அலவன்ஸ் என்று பெயர்.

நான் ஐந்து என்று எழுதினால் மாஸ்டர் ஏழு வைப்பார். ஆறு என்றால் எட்டு. எனக்குக் கோபம் வரும். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்குமே கோபம் வரும்.

"அஞ்சுன்னு தெளிவாத்தான எழுதியிருக்கேன் மாஸ்டர்?"

"நெம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க அம்முணி."

"அப்புறம் ஏழு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"உங்க மிஷின்ல அஞ்சுங்க. அந்த ஊர்ல அவங்க ஊட்டுல என்ன மிஷின் வெச்சிருக்காங்களோ, நமக்குத் தெரியுமுங்களா? ரெண்டு போட்டுக்கலாமுங்க."

அவரிடம் கத்தவும் முடியாது. 'ங்க' போட்டே ஆளைக் கவிழ்த்துவிடுவார். ஒரு ஆர்டரில் சட்டை ஒன்றரை சென்டிமீட்டர் நீளமாகிப் போய், மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் காய்ச்சினார். நான் வெளியே வந்து அழுதேன். மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீளமாப் போனா மடிச்சுத் தெச்சுக்கலாமுங்க. கட்டையாப் போனா என்ன பண்ணுவீங்க?" என்றார். மூன்று மாதம் இப்படியே சண்டை. பிறகு சண்டை நின்றுவிட்டது. அவர் மாறவில்லை, நான்தான் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான வழி இல்லை.

துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் எல்லாவற்றுக்கும் அலவன்ஸ் கொடுப்பார். அவர் சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போகும். கேட்டால் துவைத்தால் சரியாகிவிடும் என்பார். அந்தச் சட்டை நூறு தடவை துவைத்த சட்டையாக இருக்கும். கட்டிங் எப்போது முடியும் என்று மேனேஜர் கேட்டால் வியாழக்கிழமை என்பார், புதன்கிழமை காலையிலேயே முடித்து வைத்திருப்பார். மகள் கல்யாணத்துக்கு நானூறு பேருக்குப் பத்திரிகை வைத்து அறுநூறு பேருக்குச் சமைத்தாராம். மிச்சமான சாம்பாரை இரண்டு லேடீஸ் ஹாஸ்டலுக்குக் கொடுத்தும் தீராமல், வரிசை வீட்டுக்காரர்கள் மறுநாள் முழுக்க அதையே ஊற்றிச் சாப்பிட்டார்களாம்.

இதை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி. அந்த வரிசை வீட்டில் கடைசிப் போர்ஷனில் நான் குடியிருந்தேன், எனக்கு அடுத்த போர்ஷன் அவர்களுடையது. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அவருக்கு என் அம்மா வயது இருக்கும். ஆனாலும் வரிசை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். புருஷனைக் கேலி செய்யாமல் அக்காவுக்கு ஒரு பொழுது போகாது.

"என்ற ஊட்டுக்காரரு பொறந்ததே பத்து நாளு முன்னாடி கண்ணு. வழியில எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த குரல் ஒரு ஆடி மாதத்தில் கட்டிப்போனது. சளி என்றார்கள். இரண்டு மாதமாகியும் தெளியவில்லை. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினபோது தொண்டையில் புற்றுக்கட்டி என்றும் ஏழு வாரம் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மகள் வெளிநாட்டில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஃபாரம் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும் என்று முதல் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார் மாஸ்டர்.

கரண்ட் வைக்கும்போது போடுகிற முகமூடிக்காக அக்காவை உள்ளே படுக்க வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிறுத்திச் சொன்னார். இப்போது எடை நாற்பத்தாறு. போகப் போக விழுங்க முடியாமல் வலிக்கும், சாப்பாடு குறையும், எடை இறங்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்ப்போம். நாற்பத்திரண்டுக்குக் கீழே இறங்கினால் கரண்டை நிறுத்திவிட்டு மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும். நடுவில் நிறுத்தினால் அதுவரை வைத்ததன் பலனும் குறைந்துபோகும்.

"நாப்பத்திரண்டுன்னா, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா…" என்று மாஸ்டர் இழுத்தார்.

"முன்னே பின்னே எல்லாம் இல்லைங்க. நாற்பத்திரண்டு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அக்காகிட்ட நாப்பத்திநாலுன்னு சொல்லீருவீங்களே மாஸ்டர்?" என்று கேட்டேன். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"இல்லீங்க அம்முணி. இருக்கிற பயமே போதுமுங்க அவளுக்கு. இதுல போயி நான் வேற கூட்டோணுமா? நாப்பத்திரண்டுன்னே சொல்லிப்போடறேன்."

அன்று சாயங்காலமே அப்படியே சொல்லவும் செய்தார். செங்கல் சுவர் வழியாக எனக்கே கேட்டது.

மூன்றாவது வாரத்தில் அக்காவால் ரசம் சோறு விழுங்க முடியாமல் போயிற்று. மிளகாய், புளி, தக்காளி எது பட்டாலும் எரிந்தது. கஞ்சியின் வாசமே ஆகவில்லை, டம்ளரைப் பார்த்தாலே குமட்டினார். மாஸ்டர் மதியம் வரை கட்டிங் பார்த்துவிட்டு அக்காவோடு கோயமுத்தூர் போய்த் திரும்பி, அடுப்பைப் பற்ற வைத்து ஏதேதோ காய்ச்சினார். எல்லாம் முற்றத்து வாழைக்குத்தான் போனது. ஒரு சாயங்காலம் என் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க அம்முணி, தினமும் வெள்ளையா என்னமோ ஒண்ணு காச்சிக் குடிக்கறீங்களே, அது என்னதுங்க?"

அது மக்ரோனி சூப். அதைச் சமையல் என்று சொன்னால் என் அம்மா சண்டைக்கு வருவாள். ஷிஃப்ட் முடிந்து வந்து கால் மணி நேரத்தில் ஆக வேண்டும், ஒரே பாத்திரம்தான் கழுவ வேண்டும் என்பதற்காக நானாகப் பழகிக்கொண்டது. இரண்டு டம்ளர் தண்ணீர், தட்டிப் போட்ட இரண்டு பல் பூண்டு, உப்பு. கொதித்ததும் ஒரு கைப்பிடி மக்ரோனி. அது வெந்ததும் அடுப்பைச் சின்னதாக்கி அரை டம்ளர் பால், கொஞ்சம் வெண்ணெய். அவ்வளவுதான். எனக்கு மட்டும் மேலே மிளகுத்தூள். அக்காவுக்கு அதுவும் வேண்டாம், மக்ரோனி நாக்கிலேயே நசுங்கும்படி நன்றாகக் குழைய விடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மாஸ்டர் கட்டிங் கார்டின் பின்பக்கத்தில் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். மக்ரோனி பாக்கெட்டைத் தெருக் கடையிலேயே வாங்கினார். வெண்ணெய் மட்டும் ஊத்துக்குளி வெண்ணெயாகத் தேடி வாங்கி வந்தார்.

அரை மணி நேரத்தில் மறுபடி கதவு தட்டப்பட்டது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே சூப் இல்லை. பாத்திரத்தின் வாய் வரை மக்ரோனி திரண்டு நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கரண்டியை நட்டால் நட்டபடி நின்றது.

"எத்தனை கைப்பிடி போட்டீங்க மாஸ்டர்?"

"மூணுங்க."

"ஒண்ணுன்னுதான சொன்னேன்?"

"வெந்தா சுருங்குமுல்லீங்க? ஒரு கட்டுக் கீரை போட்டாக் கையளவு ஆகுது, வெங்காயம் சுருங்குது. அதனால ரெண்டு சேத்திப் போட்டனுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாஸ்டர், இது சுருங்காது. ஊதும்."

அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது. முப்பது வருடமாகச் சுருங்கும் சாமானையே கையாண்ட மனிதர். மறுநாள் காலை லேபுக்கு வந்து என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். வேகாத மக்ரோனி பத்து, வெந்த மக்ரோனி பத்து. ஒவ்வொன்றாக அளந்தார்.

"பதினெட்டு மில்லிமீட்டரு இருந்தது இருபத்தஞ்சு ஆயிருக்குதுங்க. அப்ப இதுக்குக் கழிக்கோணுமுங்க" என்றார். கழித்தல் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து சூப் பதமாக வந்தது. பாக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு இரண்டு மடங்கு வேகவைத்து, பாதியை மத்தால் மசித்து, பூண்டை எடுத்துவிட்டு, ஆறவைத்துக் கொடுத்தார். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. இருந்தாலும் கை கேட்குமா? ஒரு ஆளுக்கு என்று ஆரம்பித்து இரண்டு ஆளுக்குக் காய்ச்சிவிடுவார். அந்த மிச்சம் ஒரு டிபன் பாக்ஸில் என் வீட்டுக்கு வரும். "மிச்சமாப் போச்சுங்க, வீணாப் போகுமுங்க" என்று நீட்டுவார். நான் அடுப்புப் பற்ற வைப்பதையே விட்டுவிட்டேன்.

அக்கா முதல் வாரம் ஒரு டம்ளர் குடித்தார். பிறகு முக்கால் ஆனது, பிறகு அரை. ஐந்தாவது திங்கட்கிழமை எடை நாற்பத்திரண்டு கிலோ எழுநூறு கிராம். முந்தின வாரத்தைவிட ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. அன்று சாயங்காலம் மாஸ்டர் பால் வாங்கப் போயிருந்தார். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரை டம்ளர் குடித்ததும் அக்கா டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்தது.

"போதும் கண்ணு. ரத்தமா எரியுது."

"இன்னும் ரெண்டு மடக்குக் குடிங்கக்கா. நாப்பத்திரண்டுக்குக் கீழ போனா குழாய் போட்டுருவாங்க, தெரியும்ல?"

அக்கா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"உங்க மாஸ்டரு நாப்பத்திரண்டுன்னாங்கன்னா அது நாப்பதுதான் கண்ணு. ரெண்டு சேத்தாம என்னைக்கு ஒண்ணு சொல்லியிருக்காங்க? இன்னும் ரெண்டேமுக்காக் கிலோ இருக்குது எனக்கு. ரெண்டு வாரந்தானே, தாங்கீரும்."

"ரெண்டைக் கழிச்சுட்டீங்களாக்கா?" என்றேன்.

"முப்பத்தொரு வருசமா அவிய சொல்றதுல கழிச்சுத்தான் குடும்பம் ஓட்டறேன். பஸ்ஸு ஆறு மணிக்குன்னா ஏழு. ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை பத்துப் பேருன்னா ஆறு பேரு. எனக்குத் தெரியாதா என்ற ஊட்டுக்காரரை?"

அக்கா சாப்பிட முடியாமல் நிறுத்தவில்லை, கணக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு விழுங்கும் உயிர் போகிற வலி. இரண்டே முக்கால் கிலோ கையில் இருக்கிறதே, எதற்கு அந்த வலி என்று நினைத்திருக்கிறார். இருந்ததோ எழுநூறு கிராம். இறங்குகிற வேகத்துக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

"அக்கா, டாக்டர் சொல்லும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். நாப்பத்திரண்டுன்னுதான் சொன்னாரு. மாஸ்டர் கூட்டலை. நீங்க பயந்துருவீங்கன்னுதான் கூட்டாமச் சொன்னாரு."

"நெசமாலுமா?"

"எங்க அம்மா மேல சத்தியமா."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இத்தனை வருசத்துல ஒருக்காக் கூட்டாமச் சொல்லியிருக்காங்க. அதையும் நான் கழிச்சுப்போட்டேன் பாரு" என்றார்.

பிறகு குனிந்து டம்ளரை எடுத்தார். மீதி அரை டம்ளரைக் குடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு மடக்குக்கும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பார்க்கத் தாளவில்லை, கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாஸ்டர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தபோது அக்கா காலி டம்ளரை அவரிடம் நீட்டி, "இன்னொரு அரை டம்ளர் ஊத்துங்க" என்றார்.

வாசலில் வைத்து மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் சொன்னா அவ நம்பறதில்லீங்களா?"

"நம்புறாங்க மாஸ்டர். ரெண்டு கழிச்சுட்டு நம்புறாங்க."

உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

அந்த வாரம் முழுக்க அக்கா ஒரு நாளைக்கு ஐந்து தடவை சூப் குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் ஃபிளாஸ்கில் எடுத்துப் போனார்கள். ஆறாவது திங்கட்கிழமை மாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன் செய்தார். "நாப்பத்திரண்டு கிலோ நூறு கிராமுங்க" என்றார். கரண்டை நிறுத்தவில்லை, குழாயும் போடவில்லை. ஏழு வாரமும் முழுதாக முடிந்தது. இப்போது அவர்கள் மகளோடு இருக்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அக்காதான் போன் செய்வார். குரல் கரகரப்பாகவே நின்றுவிட்டது. கேலி மட்டும் குறையவில்லை.

கடைசியில் சொல்கிறேன் என்றது பாக்கி இருக்கிறது. அந்த நாற்பத்திரண்டு கிலோ நூறு கிராமுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, மாஸ்டர் லேபுக்குச் சீட்டு வாங்க வந்தார். குழந்தைச் சட்டைக்கு வந்திருந்த கறுப்புத் துணி. நான் அளந்ததில் ஐம்பது நாற்பத்தாறரை ஆகியிருந்தது. சீட்டைக் கொடுத்தேன். பார்த்தார், நோட்டில் ஐந்து என்று எழுதினார், திரும்பி நடந்தார்.

"எவ்வளவு மாஸ்டர் வைக்கிறீங்க?"

"அஞ்சுங்க. சீட்டுல அஞ்சுதானுங்களே."

"ரெண்டு கூட்டலையா?"

"இனிமேட்டுக்கு இல்லீங்க அம்முணி. நீங்க அளந்து சொல்றீங்க. அதுக்கு மேல நான் எதுக்குங்க?"

கட்டிங் டேபிளில் துணி விரித்துத் தயாராக இருந்தது. அவர் போய்க் கத்தியை ஓட்டினால் அத்தனையும் கட்டையாகிப்போகும். ஏனென்றால் ஐம்பது நாற்பத்தாறரை ஆனால் ஐந்து இல்லை, ஏழு. ஃபைலில் நான் ஏழு என்றுதான் எழுதியிருந்தேன். அவர் கையில் கொடுக்கிற சீட்டில் மட்டும் எப்போதும் இரண்டு குறைத்து எழுதுவேன். எப்படியும் இரண்டு கூட்டத்தானே போகிறார், கணக்குச் சரியாகிவிடும். சண்டை நிற்க நான் கண்டுபிடித்த வழி அதுதான்.

ஓடிப்போய் வாசலில் மறித்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருடமாக இப்படித்தான் என்றேன். அவர் வியாழன் என்றால் மேனேஜர் தையல்காரர்களுக்குப் புதன் என்று சொல்லிவிடுவதையும் சேர்த்துச் சொன்னேன். என் குற்றத்துக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

மாஸ்டர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று உள்ளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப இத்தனை வருசமா நான் குடுத்த அலவன்ஸு ஒருத்தருக்கும் போயிச் சேரலீங்க" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. நோட்டில் ஐந்தை அடித்து ஏழு என்று எழுதி, "பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினார். போட்டேன். எழுந்து போய்விட்டார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது சாப்பாட்டைப் பற்றித்தான் நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. இனிமேல் மாஸ்டர் அளவாகக் காய்ச்சுவார், மிச்சம் இருக்காது, எனக்கும் ஒன்றும் வராது. அதுதான் நியாயமும். வழியில் ஒரு பாக்கெட் மக்ரோனி வாங்கிக்கொண்டேன். தண்ணீரை அடுப்பில் வைக்கும்போது கதவு தட்டப்பட்டது. மாஸ்டர் டிபன் பாக்ஸோடு நின்றார்.

"மிச்சமாப் போச்சா மாஸ்டர்?" என்றேன்.

"மிச்சமில்லீங்க. அளவாத்தான் காச்சினேனுங்க" என்றார். "உங்களுக்குன்னு ஒரு கைப்பிடி போட்டனுங்க."

உள்ளே வந்து பாக்ஸைத் திறந்தேன். விளிம்பு வரை இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவு இருந்தது, மேலே மிளகுத்தூளும் போட்டிருந்தார்.